மைக் இவருக்கு, சாவி அவருக்கு

சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் போன் அடித்தால் பெரும்பாலும் அது ஒரு பெண் குரலாகத்தான் இருக்கும்.

‘‘சார், காலையில ஒரு ப்ரெஸ் ரிலீஸ் மெயில் பண்ணியிருந்தேன். பார்த்தீங்களா சார்?’’

பார்த்திருக்க மாட்டேன். ‘‘பார்த்தேம்மா, பார்த்தேம்மா’’ என்று பொய் சொல்வேன். அது பொய் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ‘‘தேங்க்ஸ் சார். டீடெய்ல்ஸ் ஏதாவது வேணும்னா எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க சார்’’ என்று குரலில் துளி வருத்தம் காட்டாமல் சொல்லிவிட்டு அடுத்த நம்பருக்குப் போய்விடுவார். டூத் பேஸ்ட், ஃப்ளாட், இன்ஜினீயரிங் காலேஜ், பிரஷர் குக்கர் என்று விற்கிற சரக்கு மாறும். குரல் மட்டும் எப்போதும் ஒரு இருபத்து நாலு வயசுப் பெண்ணுடையது. சினிமாக்காரர்களைத் தவிர்த்துவிட்டால், இந்த வேலைக்காக ஓர் ஆண் என்னைக் கூப்பிட்டதாக ஞாபகமே அரிது. (சினிமாவை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.)

இது எப்போது, எப்படி ‘பெண்கள் வேலை’ ஆனது என்ற கேள்வி போன வாரம் ஒரு பழைய படத்தை மறுபடி பார்த்தபோது வந்தது. 1957-ல் அலெக்ஸாண்டர் மெக்கண்ட்ரிக் எடுத்த ‘ஸ்வீட் ஸ்மெல் ஆஃப் சக்ஸஸ்’. கறுப்பு வெள்ளை. ஜேம்ஸ் வோங் ஹோவின் கேமராவில் ராத்திரி நியூயார்க் ஈரத்தில் மினுங்கும். டோனி கர்ட்டிஸ்தான் சிட்னி ஃபால்கோ என்கிற ப்ரெஸ் ஏஜென்ட். நம் பாஷையில் பி.ஆர்.ஓ. ஆபீஸ்தான் வீடு. கதவில் பேர்ப்பலகை கிடையாது, ஒட்டின காகிதம். குளிரில் ஓவர்கோட் போடாமல் அலைவான். போட்டால் போகிற ஓட்டலில் எல்லாம் அதைக் கழற்றிக் கொடுத்து, திரும்ப வாங்கும்போது டிப்ஸ் வைக்க வேண்டுமே! பர்ட் லங்காஸ்டர் ஒரு சர்வ வல்லமை படைத்த பத்திரிகைப் பத்தி எழுத்தாளர். அவர் பத்தியில் தன் கட்சிக்காரரின் பேர் ஒரு வரி வருவதற்காக ஃபால்கோ எதையும் செய்வான்.

எதையும் என்றால் எதையும்தான். படத்தில் ரீட்டா என்று ஒரு பெண். நைட் கிளப்பில் சிகரெட் விற்பவள். ஃபால்கோவை நம்பி உதவி கேட்டு வருகிறாள். ஓர் அவதூறு வரியை இன்னொரு பத்திரிகைக்காரரின் பத்தியில் ஏற்ற வேண்டும், அதற்கு விலையாக அந்த ஆளிடம் ரீட்டாவைத் தள்ளிவிடுகிறான். அந்த இரண்டு நிமிஷத்தில் ரீட்டாவின் முகத்தைப் பாருங்கள். முதலில் புரியாமை, பிறகு புரிதல், பிறகு ஒரு மடக்கு மது. மெக்கண்ட்ரிக் இதில் எதையும் அழுத்திச் சொல்வதில்லை. படம் வெளியானபோது ஓடவில்லை. ஓடாததில் ஆச்சரியமும் இல்லை.

அடுத்து 1962, ‘டேஸ் ஆஃப் ஒயின் அண்ட் ரோஸஸ்’. ப்ளேக் எட்வர்ட்ஸ் படம். ஜாக் லெமன் ஒரு பி.ஆர். ஆசாமி. ஆரம்பத்தில் அவர் வேலை என்ன தெரியுமா? கட்சிக்காரர் படகில் நடத்தும் பார்ட்டிக்குப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போவது. கட்சிக்காரரின் செகரட்டரியான லீ ரெமிக்கையே அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்று தப்பாக நினைத்துவிடுகிறார். தன் வேலையை நினைத்து அவருக்கே அருவருப்பு, அதை மறக்கக் குடி. கடைசியில் அந்தப் பெண்ணும் குடியில் விழுகிறாள்.

இரண்டு படத்திலும் பி.ஆர். செய்பவன் ஆண், பெண் அவன் கைச்சரக்கு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு படமும் அந்த வேலையை ஒரு பாவமாக, அதாவது ஒரு கனமான விஷயமாக எடுத்துக்கொள்கின்றன. அவனுக்கு மனசாட்சி இருக்கிறது, அது உறுத்துகிறது, அவன் வீழ்கிறான். கிரேக்க சோகத்துக்கு உரிய மரியாதையை ஒரு ப்ரெஸ் ஏஜென்ட்டுக்குத் தருகிறார்கள்.

முப்பது வருஷம் தாண்டி வாருங்கள். 1992-ல் பி.பி.சி.யில் ‘ஆப்ஸல்யூட்லி ஃபேபுலஸ்’. ஜெனிஃபர் சாண்டர்ஸ் எழுதி நடித்தது. எடினா என்ற பெண் பி.ஆர். கம்பெனி நடத்துகிறாள். என்ன வேலை செய்கிறாள் என்று பெற்ற மகளுக்கே விளங்காது. விளங்காததுதான் ஜோக். 1998-ல் ‘ஸ்லைடிங் டோர்ஸ்’. க்வினெத் பால்ட்ரோ ஒரு பி.ஆர். கம்பெனியில் வேலை பார்க்கிறாள், படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே சீட்டைக் கிழித்து அனுப்பிவிடுகிறார்கள். அதே வருஷம் ‘செக்ஸ் அண்ட் த சிட்டி’ தொடங்கியது. அதில் சமந்தா ஜோன்ஸ் சொந்தமாக பி.ஆர். கம்பெனி வைத்திருப்பவள். ஆறு சீசனிலும் பார்ட்டி, அழைப்பிதழ் லிஸ்ட், செருப்பு, ஆண்கள். நியாயமாகச் சொன்னால், கடைசி சீசனில் ஒரு வெயிட்டர் பையனின் பேரை மாற்றி, விளம்பரப் பலகையில் ஏற்றி நட்சத்திரமாக்குவாள். அந்தக் கொஞ்ச இடத்தில்தான் அவள் கெட்டிக்காரி என்பது தெரியும். மற்றபடி தொழில் என்பது அவள் கையில் இருக்கிற ஹேண்ட்பேக் மாதிரி ஓர் அலங்காரம்.

என் புகார் இதுதான். ஆண் செய்தபோது இந்த வேலை திரையில் சோகமாக இருந்தது. பெண் செய்ய ஆரம்பித்ததும் காமெடி ஆகிவிட்டது. அவனுக்கு மனசாட்சி கொடுத்தார்கள், இவளுக்கு ஷாம்பெயின். மத்தியில் அந்த வேலை என்னவோ அப்படியேதான் இருக்கிறது. கட்சிக்காரரின் அசட்டுத்தனத்தை அறிவாகவும், தப்பைத் தவறுதலாகவும், தவறுதலை வாய்ப்பாகவும் மாற்றி எழுதுகிற வேலை. ராத்திரி பதினொரு மணிக்கு ‘எங்கள் குக்கர் வெடிக்கவில்லை, அதன் மூடி சற்று எதிர்பாராத விதமாகத் திறந்துகொண்டது’ என்று வரி வரியாக எழுதி, அதை ஒரு வக்கீல் திருத்தி, ஒரு மானேஜர் மறுபடி கெடுத்து, காலையில் பத்திரிகைக்காரர்களிடம் சிரித்துக்கொண்டே வாசிக்கிற வேலை. இதை எடினாவும் செய்யக் காணோம், சமந்தாவும் செய்யக் காணோம்.

இந்தத் தொழிலின் நிஜக் கதையில் ஒரு பெண் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறார் என்பதுதான் வேடிக்கை. டோரிஸ் ஃப்ளைஷ்மன். பேரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அவர் கணவர் எட்வர்ட் பெர்னேஸை ஒருவேளை கேள்விப்பட்டிருக்கலாம். சிக்மண்ட் ஃப்ராய்டின் மருமான், மக்கள் தொடர்புத் தொழிலின் தந்தை என்று பாடப் புத்தகங்களில் வருபவர். 1919-ல் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார் டோரிஸ். 1920-ல் கறுப்பின மக்களின் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு அட்லாண்டாவில் மாநாடு நடத்தியபோது, முன்கூட்டியே அந்த ஊருக்குப் போய் ஏற்பாடுகளைப் பார்த்தார். தென் மாநிலங்களில் அன்றைக்கு அதற்குக் கொஞ்சமாவது துணிச்சல் வேண்டும். 1922-ல் பெர்னேஸைக் கல்யாணம் செய்துகொண்டு, அன்றைக்கே ஓட்டல் வருகைப் பதிவேட்டில் தன் சொந்தப் பேரை எழுதினார். அது பத்திரிகைச் செய்தி ஆனது. 1925-ல், மணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பேரிலேயே அமெரிக்க அரசு கொடுத்த முதல் பாஸ்போர்ட் அவருக்குத்தான் கிடைத்தது.

இவ்வளவு போராளி, தொழிலில் எப்படி இருந்தார்? கம்பெனியில் சரிபாதிப் பங்குதாரர். அறிக்கை எழுதினார், யோசனை சொன்னார், திட்டம் போட்டார். ஆனால் கட்சிக்காரர்களை நேரில் சந்திப்பதைத் தவிர்த்தார். ஒரு பெண் சொன்ன யோசனை என்று தெரிந்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்பது கணவன், மனைவி இரண்டு பேருடைய கணக்கும். போர்டில் பெர்னேஸ் பேர் மட்டும். 1928-ல் டோரிஸ் பெண்களுக்கான வேலைகள் பற்றி ஒரு புத்தகம் தொகுத்தார். மக்கள் தொடர்பு பற்றி அவர் வாதம் எளிமையானது. இது புதுத் தொழில், ஆண்களின் பழைய மரபு எதுவும் இதில் இறுகிப்போகவில்லை, ஆகவே பெண்கள் வரலாம் என்பது. தான் மட்டும் உள் அறையில் இருந்துகொண்டு இதை எழுதினார் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வருஷம் நடந்தது உலகப் பிரசித்தம். 1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு, நியூயார்க் ஐந்தாம் அவென்யூ ஊர்வலம். பெண்கள் தெருவில் புகைப்பது அசிங்கம் என்று கருதப்பட்ட காலம். லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் கம்பெனிக்குப் பாதி ஜனத்தொகையின் வாய் வீணாகப் போகிறதே என்ற கவலை. பெர்னேஸ் ஒரு மனோதத்துவ டாக்டரிடம் யோசனை கேட்டு, சிகரெட்டை ‘விடுதலையின் தீப்பந்தம்’ ஆக்கினார். சில இளம்பெண்களை ஊர்வலத்தில் பற்றவைத்துக்கொண்டு நடக்கச் செய்தார். அழைப்புத் தந்தி போனது அவர் செகரட்டரி பெர்த்தா ஹன்ட் பேரில். பெர்த்தாவும் நடந்தார். சிகரெட் கம்பெனி பேர் எங்கும் வரவில்லை. யோசனை ஆணுடையது, பணம் ஆணுடையது, தெருவில் நின்ற முகம் பெண்ணுடையது. இதே பெர்னேஸ் வீட்டில் டோரிஸின் சிகரெட்டுகளை ஒடித்துக் கக்கூஸில் போடுவாராம். மகள் பிற்காலத்தில் சொன்னது. சரக்கைத் தெரிந்தவர் அல்லவா?

1955-ல் டோரிஸ் தன் வாழ்க்கை பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அட்டையில் டோரிஸ் ஃப்ளைஷ்மன் பெர்னேஸ் என்று போட்டிருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கட்டிக் காத்த பேரோடு கணவர் பேரையும் சேர்த்துக்கொண்டுவிட்டார்.

சரி, ஒருத்தி உள் அறையில் இருந்த தொழிலில் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் எப்போது வந்தார்கள்? அமெரிக்காவில் 1970 வாக்கில் இந்தத் தொழிலில் நாலில் ஒருவர் அளவுக்குத்தான் பெண்கள். எண்பதுகளின் நடுவில் பாதியைத் தாண்டினார்கள். இப்போது சுமார் மூன்றில் இரண்டு பங்கு. காரணம் தானாக வந்த ஞானோதயம் அல்ல. பெண்களுக்கும் வேலை கொடுத்தாக வேண்டும் என்று அரசாங்கம் நெருக்கிய காலம் அது. ஆலை நிர்வாகத்தில், நிதியில் பெண்களை உட்காரவைக்கக் கம்பெனிகளுக்கு மனசில்லை. லிஸ்டில் காட்டவும் வேண்டும். எங்கே வைக்கலாம்? பி.ஆர். டிபார்ட்மென்ட். 1978-ல் ‘பிசினஸ் வீக்’ பத்திரிகை இதற்கு ஒரு பேர் வைத்தது, ‘வெல்வெட் கெட்டோ’ என்று. வெல்வெட் விரித்த சேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார மெத்தென்று இருக்கும். வெளியே போக வழிதான் இருக்காது. 1986-ல் அந்தத் தொழிற்காரர்களின் சர்வதேச சங்கமே ஓர் ஆய்வு நடத்தி, அதே பேரைத் தலைப்பாக வைத்தது. பெண்கள் எழுதுகிறவர்களாக, ஏற்பாடு செய்கிறவர்களாக இருக்கிறார்கள், முடிவெடுக்கிற இடத்தில் குறைவு, சம்பளமும் குறைவு என்றார்கள். கூடவே ஒரு பயம்: பெண்கள் அதிகமாக வந்துவிட்டால் தொழிலின் மதிப்பே இறங்கிவிடுமோ? டீச்சர் வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும் நேர்ந்ததைப் பார்த்தவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். பயப்பட வேண்டியது எதைப் பார்த்து என்பதுதான் அவர்களுக்கு விளங்கவில்லை என்று தோன்றுகிறது.

இதையெல்லாம் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, ‘‘அட போய்யா, பொம்பளைங்களுக்கு இயல்பாவே பேச்சு நல்லா வரும். பொறுமை ஜாஸ்தி. அதான் அந்த வேலைல இருக்காங்க’’ என்றார். பாராட்டு மாதிரி இருக்கிற இந்த வாக்கியம்தான் எனக்கு எரிச்சல். இயல்பாக வருவதற்கு எதற்குக் கூடுதல் சம்பளம் என்பது அதன் அடுத்த வரி. 1983-ல் ஆர்லி ஹாக்ஷில்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார். சிரிப்பதும், கோபத்தை விழுங்குவதும், எதிராளியின் கோபத்தைத் தணிப்பதும் மூட்டை தூக்குவது மாதிரி உழைப்புதான், அதற்கும் களைப்பு உண்டு என்பதை எடுத்துக்காட்டினார். மூட்டை தூக்குகிறவரிடம் ‘உங்களுக்கு இயல்பாகவே முதுகு அகலம்’ என்று சொல்லிக் கூலியைக் குறைக்க முடியுமா?

இயல்பு என்கிற வாதத்தை உடைக்க அமெரிக்கா வரை போகவே வேண்டாம். கோடம்பாக்கம் போதும். தமிழ் சினிமா டைட்டிலில் ‘மக்கள் தொடர்பு’ என்று ஒரு கார்டு வரும், கவனித்திருப்பீர்கள். 1958-ல் எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ படத்துக்காக அந்த வேலையைச் செய்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று சொல்வார்கள். 2016-ல் காலமாகும் வரை நடமாடும் தகவல் களஞ்சியமாக இருந்தார். அவருக்குப் பிறகும் அந்தக் கார்டில் வருகிற பேர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். இத்தனைக்கும் அதே ப்ரெஸ் ரிலீஸ், அதே போன், அதே ‘பார்த்தீங்களா சார்’. பேச்சும் பொறுமையும் பெண்ணுக்கு இயல்பு என்றால் வடபழனி தாண்டியதும் அந்த இயல்பு எங்கே போயிற்று? அங்கே பி.ஆர்.ஓ. என்பவர் ஹீரோவின் கேரவனுக்குள் போய் வரக்கூடியவர், யாருக்குப் பேட்டி யாருக்கு இல்லை என்று வாசலில் நின்று தீர்மானிப்பவர். அதாவது கையில் கொஞ்சம் சாவி இருக்கிற வேலை. சாவி இருக்கிற இடத்தில் இயல்பு வேலை செய்வதில்லை போலிருக்கிறது.

திரையில் இந்த விஷயத்தைச் சரியாகத் தொட்ட ஒரே ஆக்கம் என்று நான் நினைப்பது ‘த வெஸ்ட் விங்’. 1999-லிருந்து 2006 வரை வந்த டி.வி. தொடர். வெள்ளை மாளிகை பத்திரிகைச் செயலாளர் சி.ஜே. க்ரெக் ஆக அலிசன் ஜேனி. 2000 ஜனவரியில் வந்த ஓர் எபிசோடில் நம்ம ராணுவம் எல்லை தாண்டிக் காஷ்மீருக்குள் போகிறது (கவலை வேண்டாம், கதைதான்). ஜனாதிபதியின் ஆட்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். சி.ஜே.விடம் மட்டும் சொல்லவில்லை. பத்திரிகைக்காரர்களிடம் நெருக்கமாக இருக்கிறாளாம். அவள் மேடையேறி ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்கிறாள். பிறகு தெரிகிறது. அவள் கத்தவில்லை, அழவில்லை. தன்னை விவரம் தெரியாமல் அனுப்பியதே பொய் சொல்லவைக்கத்தானே என்று கேட்கிறாள். ஒரு ஆபீசில் அவமானம் எப்படி இருக்கும் என்பதை இதைவிடச் சிக்கனமாக நான் பார்த்ததில்லை.

இது கற்பனையும் இல்லை. தொடருக்கு ஆலோசகராக இருந்தவர் டீ டீ மையர்ஸ். 1993-ல் கிளின்டன் அரசில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அப்போது வயது 31. முதல் பெண் என்று பத்திரிகைகள் கொண்டாடின. கொடுத்தது என்ன? முன்னால் இருந்த ஆண்களைவிடக் கீழான பதவி நிலை, சின்ன அறை. வழக்கமாகப் பத்திரிகைச் செயலாளர் உட்காரும் பெரிய அறையில் வேறோர் ஆண் அதிகாரி. அந்த ஜூன் மாதம் பாக்தாத் மீது ஏவுகணை வீசப் போகிற அன்று அவருக்கு முழு விவரம் சொல்லப்படவில்லை. செய்தி ஒன்றும் இல்லை என்கிற தொனியில் நிருபர்களை அனுப்பிவைத்தார். தன்னைவிடப் பொறுப்புக் குறைந்த ஓர் ஆணுக்குத் தன்னைவிடச் சம்பளம் அதிகம் என்று தெரிந்து கேட்டபோது உயர்த்தித் தரவில்லை என்று 2008-ல் எழுதின புத்தகத்தில் சொல்லியிருக்கிறார்.

இப்போது இதைப் பாருங்கள். 2017 ஜூலை முதல் 2025 ஜனவரி வரை அந்தப் பதவிக்கு ஆறு பேர் வந்தார்கள். சாரா சாண்டர்ஸ், ஸ்டெஃபனி க்ரிஷம், கேலீ மெக்கனெனி, ஜென் சாக்கி, கரீன் ஜான் பியேர், கரோலின் லெவிட். ஆறு பேரும் பெண்கள். நாலு பேர் ட்ரம்ப் ஆட்சியில், இரண்டு பேர் பைடன் ஆட்சியில். மற்ற எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகள் இதில் மட்டும் ஒத்துப்போகின்றன. (இதில் க்ரிஷம் தன் பதவிக்காலத்தில் ஒருமுறைகூட மேடையேறி வழக்கமான நிருபர் சந்திப்பு நடத்தவில்லை. ஒருவேளை அவர்தான் புத்திசாலி.) அதே காலத்தில் ஜனாதிபதி நாற்காலியில் பெண் யாரும் உட்காரவில்லை. பதில் சொல்கிறவர் பெண், பதிலைத் தீர்மானிக்கிறவர் ஆண். கடுமையான கேள்விக்கு முன்னால் ஒரு பெண்ணை நிறுத்தினால் கேள்வி கொஞ்சம் மெலியும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கலாம். 1929-ல் ஐந்தாம் அவென்யூவில் போட்ட கணக்குக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

‘வெஸ்ட் விங்’ மீதும் ஒரு புகார் உண்டு. 2004-ல் சி.ஜே.வைத் தூக்கி ஜனாதிபதியின் தலைமை அதிகாரி ஆக்கிவிடுகிறார்கள். பார்க்க சந்தோஷமாக இருந்தது. ஆனால் மைக்கிலிருந்து சாவிக்கு அவ்வளவு சுலபமாகப் போய்விட முடியுமா என்று அப்போதே ஒரு சந்தேகம். நிஜத்தில் அந்தப் பதவிக்கு முதல் பெண்ணாக சூசி வைல்ஸ் வந்தது 2025-ல். இருபது வருஷம் பிடித்தது. அவரும் தேர்தல் பிரசாரத்தை நடத்திய வழியாக வந்தவர், மைக் வழியாக அல்ல.

இவ்வளவு எழுதுகிற நான் யோக்கியன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில வருஷம் முன்பு உறவினர் ஒருவரை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். டிஸ்சார்ஜ் என்று காலையில் சொன்னார்கள். இன்ஷூரன்ஸ் பேப்பர் வரவில்லை என்று ராத்திரி பத்து மணி வரை விடவில்லை. அந்தப் பத்து மணிக்கு பில்லில் புதிதாக ஒரு நாள் ரூம் வாடகை ஏறியிருந்தது. கவுன்ட்டரில் ‘பி.ஆர்.ஓ. மேடத்தைப் பாருங்க’ என்றார்கள். ப்ளேஸர் போட்ட ஒரு சின்னப் பெண். கத்தினேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அந்தப் பெண் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ‘‘உட்காருங்க சார், மேல பேசிட்டு வரேன்’’ என்று போனார். இருபது நிமிஷம் கழித்து வந்தார். பாதி வாடகை குறைந்திருந்தது.

வெட்கமாகப் போய், ‘‘மேலன்னா யாரும்மா? அவர்கிட்ட நானே பேசறேனே’’ என்றேன்.

‘‘அவங்க யாரையும் பார்க்க மாட்டாங்க சார். அதுக்குத்தான் நாங்க இருக்கோம்’’ என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘‘இன்னிக்கு நீங்க ஏழாவது ஆள் சார். மத்தவங்களுக்கு நீங்க எவ்வளவோ பரவாயில்ல’’ என்று சிரித்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றிருந்தவரைக் கூப்பிட்டார்.